நஞ்சன்கூட்டு ரோபோ கையும் ஸ்டிக்கர் பொட்டும்

தாரணி, கவின், நான் மைசூரிலிருந்து திரும்பிய அன்று நீங்கள் இருவரும் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, "ரோபோ எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். நான் மைசூர்பாகுப் பொட்டலத்தைப் பிரித்து உங்கள் வாயை அடைத்துவிட்டேன். அப்போது சொல்ல முடியாதபடி ஒரு காரணம் இருந்தது. இப்போது எழுதலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். எழுதியதைப் படித்தும் காட்டினேன். ஒரே ஒரு வரியை அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

கிரைண்டர் கம்பெனியில் அம்மாவுக்கு பேக்கிங்கில் வேலை, எனக்கு மெஷின் பழுது பார்க்கிற வேலை. இது உங்களுக்குத் தெரியும். பேக்கிங் என்றால் கல்லோடு சேர்த்து கிரைண்டரைத் தூக்கி அட்டைப்பெட்டிக்குள் இறக்க வேண்டும். காலையில் ஆரம்பித்தால் சாயந்திரம் வரை அதேதான். அங்கே ஒரு ரோபோ கையை வாங்கி நிறுத்தலாமா என்று முதலாளிக்கு யோசனை. மைசூர் பக்கத்தில் நஞ்சன்கூட்டில் அவருக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் ஆட்களும் ரோபோவும் ஒரே மேஜையில் வேலை செய்கிறார்களாம். "நீ போய் ரெண்டு நாள் கூடவே நின்னு பாரப்பா. நீ சரின்னா ஆர்டர் போட்டுடறேன்" என்றார்.

பத்தாவதோடு நிறுத்தியவனை நம்பி இப்படி ஒரு பொறுப்பு. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கிளம்புகிற அன்று அம்மா டிபன் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, அங்க போயி என்ற தோளைப் பத்தி ஒருத்தருகிட்டயும் பேசிறாதீங்க. வலின்னு தெரிஞ்சா, மெஷின் வர்றப்ப மொதல்ல என்னையத்தான் ஓரங்கட்டுவாங்க."

தாரணி, உனக்குக் கொஞ்ச நாளாக அம்மா தலை பின்னிவிடுவதில்லை. "இவ்வளவு பெரிய பொண்ணு, நீயே பின்னிக்க" என்று சொன்னாளே, அது நீ பெரியவள் ஆனதால் இல்லை. அவளால் வலது கையை அவ்வளவு உயரம் தூக்க முடியவில்லை.

மைசூரில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ரோட்டின் அகலம். நம் ஊரில் ரோட்டுக்குப் பயந்து மரம் ஒதுங்கி நிற்கும். அங்கே மரத்துக்கு மரியாதை கொடுத்து ரோடு போகிறது. ஆட்டோவுக்கு நடுவே குதிரை வண்டி ஒன்று அவசரமே இல்லாமல் போனது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்குத்தான் கை பரபரத்தது.

அறைக்குப் பக்கத்திலிருந்த ஓட்டலில் மசால் தோசை சாப்பிட்டேன். தோசைக்குள்ளே சிவப்புச் சட்னியைத் தடவி, அதன்மேல் கிழங்கை வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெண்ணெய்க் கட்டி. தோசைக்குக் குறை சொல்ல மாட்டேன். சாம்பாரில்தான் வெல்லம். ஏதோ கைதவறிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, சப்ளையரைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலையில் நஞ்சன்கூட்டுக்கு பஸ். நிற்கத்தான் இடம் கிடைத்தது. வலது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது கையால் ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை. கன்னடத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "காலங்காத்தாலே முதல் ட்ரிப்பாம், வலது கையாலே கொடுக்கச் சொல்றார்" என்று தமிழில் எடுத்துச் சொன்னார். நியாயம்தானே. நம் ஊரிலும் அப்படித்தானே. கம்பியை விட்டுவிட்டு வலது கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். நான் நேராகப் போய் பூக்கூடையில் விழுந்தேன்.

"பூவெல்லாம் போச்சேம்மா" என்று பதறினேன். அந்த அம்மாள் என் சட்டையில் ஒட்டியிருந்த மல்லிகையை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே, "பூவுக்கு என்ன, உங்க பல்லு இருக்கா பாருங்க" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. அன்று பகல் முழுவதும் நான் மணத்துக்கொண்டே இருந்தேன். இந்த பஸ் சமாசாரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

கம்பெனியில் என்னை வரவேற்றவர் ஸ்டெல்லா மேடம். ஆளும் மெஷினும் சேர்ந்து வேலை செய்கிற மேஜைகளை அமைப்பதுதான் அவர் வேலை. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். "தமிழ் பேசுவோம் சார், ஓதோக்கெ மட்டும் வராது" என்றார். படிக்கத் தெரியாது என்பதைத்தான் பாதி கன்னடத்தில் சொல்கிறார். அதைச் சொன்ன கையோடு, "ஊட்டா ஆயித்தா, சாப்பிட்டாச்சா?" என்றும் கேட்டுவிட்டார்.

சினிமாவில் வருகிற மாதிரி கண்ணும் தலையும் வைத்த ரோபோ இல்லை, கவின். மேஜையோடு சேர்த்துப் பொருத்திய ஒரே ஒரு கை. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு. எங்கேயும் கூரான ஓரம் கிடையாது. மூட்டெல்லாம் உருண்டையாக, பிடிக்கிற இடத்தில் மெத்தை மாதிரி ரப்பர். முழங்கையை மடக்கினாலும் நடுவில் நம் விரல் நசுங்காத அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். அது எங்கே போனாலும் ஆளின் முகத்து உயரத்துக்கு வராது.

"தொட்டுப் பாருங்க" என்றார் ஸ்டெல்லா மேடம். எனக்குத் தயக்கம். நம் ஷெட்டில் ஓடுகிற பிரஸ் மெஷினிடம் விரலைக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவரே முதலில் கையை நீட்டி ஓடுகிற ரோபோவை மறித்தார். அவர் கைமேல் லேசாகப் பட்டதும் அது நின்றுவிட்டது. தொட்டாற்சிணுங்கி இலை மூடிக்கொள்ளுமே, அந்த மாதிரி. யாராவது பக்கத்தில் வந்தாலே தரையோரமாக வைத்திருக்கிற ஒரு கருவி பார்த்துச் சொல்லிவிடும். கை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"ஆளை ஒட்டி நிக்கற மெஷினுக்கு வேகம் அப்புறம் சார். முதல்ல கூச்சம் இருக்கணும்" என்றார்.

இன்னொன்றும் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் கை யாரையும் விரட்டுவதில்லை. ஆள் பொருளை வாங்கிக்கொண்ட பிறகுதான் அடுத்ததை எடுக்கப் போகும். தண்ணீர் குடிக்கப் போனால் நீட்டியபடியே காத்திருக்கும். மேஜையும் அப்படித்தான். பொத்தானை அழுத்தினால் ஏறும், இறங்கும். உயரமானவர் போய்க் குள்ளமானவர் வந்தால் அவரவர் உயரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நம் ஷெட்டில் மேஜை எவ்வளவு உயரமோ அதற்குத் தகுந்தபடி நாம்தான் குனிகிறோம், அல்லது எட்டுகிறோம்.

மதியம் கேன்டீனில் ராகி முத்தெ. நம் ராகிக் களிதான், உருண்டையாக உருட்டி வைக்கிறார்கள். நான் மென்றுகொண்டிருந்ததை எதிரே உட்கார்ந்திருந்த மாதம்மா பார்த்துவிட்டார். கொள்ளேகால் பக்கத்து ஊர்க்காரர், அந்த ரோபோ மேஜையில்தான் வேலை. பேச்சு அப்படியே நம் பேச்சு.

"ஏனுங்கண்ணா, களியைப் போயி மெல்லறீங்க? முழுங்கோணுங்க. நீங்க மென்னு முடிக்கறதுக்குள்ள ஷிப்டு முடிஞ்சிருமுங்க."

சொந்த ஊரில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மனசிலிருந்ததைக் கேட்டேன். "இந்தக் கை வந்ததுல யாருக்காச்சும் வேலை போச்சுங்களா?"

மாதம்மா களியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "தூக்கிக் குடுத்துட்டு இருந்த மூணு பேருத்துல ரெண்டு பேரை வேற லைனுக்கு மாத்திட்டாங்க. இன்னொருத்தி, எனக்குப் புது லைனெல்லாம் சரிப்படாதுன்னு ஊட்டுக்கே போயிட்டா. அதையும் சொல்லோணுமில்லீங்க." பிறகு களிக்குக் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஆனா எனக்கு இடுப்பு திரும்பி வந்துச்சுங்கண்ணா" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டெல்லா மேடம் என்னைப் பயிற்சி அறைக்கு அழைத்துப் போனார். ரோபோ முதன்முதலில் வந்தபோது எப்படி நிறுத்தியிருந்தார்களோ அதே மாதிரி ஒரு மேஜை அங்கே இருக்கிறது. வலது கைப்பக்கம் திருகாணி முடுக்குகிற கரண்டு மெஷின் தொங்குகிறது. இடது பக்கத்திலிருந்து ரோபோ வந்து ஒரு மோட்டாரின் வெளிக்கூட்டை நீட்டும். வாங்கி, முன்னால் வைத்து, திருகாணி போட வேண்டும். மாதம்மாவும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

உட்கார்ந்தேன். ரோபோ கை அழகாக வந்து மோட்டார் கூட்டை நீட்டியது. வாங்கப் போனேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. கை நின்றுவிட்டது.

"ஐயையோ, கெடுத்துப்போட்டேனா?" என்றேன்.

மாதம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். ஸ்டெல்லா மேடம், "இன்னொரு தடவை வாங்குங்க சார்" என்றார். மறுபடியும் வாங்கினேன். மறுபடியும் மஞ்சள் விளக்கு.

"சார், எந்தக் கையாலே வாங்கறீங்க?"

பார்த்தேன். ரோபோ நிற்பது இடது பக்கம். என் இடது கை சும்மா மடியில் கிடக்கிறது. நான் இடுப்பைத் திருப்பி, வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வாங்குகிறேன். அப்படித் திரும்பும்போது என் தோள் ரோபோவின் வழியில் போய் நிற்கிறது. அதனால்தான் அது கூச்சப்பட்டு நின்றுவிடுகிறது.

"இடது கையாலே வாங்கியிருக்கலாமில்ல?" என்றார்.

"கொடுக்கறப்ப எப்படிங்க இடது கையில வாங்கறது?" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள் போலிருக்கிறது.

அப்புறம் ஸ்டெல்லா மேடம் கதையைச் சொன்னார். வலது கைக்குத் திருகாணி வேலை, இடது கைக்குப் பொருள் வாங்குகிற வேலை என்று பிரித்து அவர்தான் வரைபடம் போட்டிருக்கிறார். "காகிதத்துல அவ்வளவு சுந்தரமா இருந்துச்சு சார்." ஆனால் ரோபோ அடிக்கடி நின்றுபோனது. மெஷினில்தான் கோளாறு என்று ஆளை வரவழைத்துப் பார்த்தார்கள். மெஷின் நன்றாக இருந்தது. அதோடு, தூக்குகிற வேலையே இல்லாத இடத்தில் வலி கூடிப்போனது.

வலி கூடியது எப்படித் தெரிந்தது? அதைப் பார்க்கத்தான் நான் மைசூர் வரை போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஷிப்டு முடிந்து வெளியே போகிற வழியில், சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மனித உருவம் வரைந்து மாட்டியிருக்கிறார்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. மூக்கு முழி எதுவும் கிடையாது. அன்றைக்கு உடம்பில் எங்கே வலித்ததோ, அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுப் போக வேண்டும். பெயர் எழுத வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம். முதலில் கம்பெனி வட்ட வட்டமாகப் பச்சைக் காகிதம் வாங்கி வைத்ததாம், யாரும் தொடவில்லை. ஒரு நாள் மாதம்மா தன் பையிலிருந்த பொட்டு அட்டையை எடுத்து ஒன்றை ஒட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஆண்களுக்காகப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறது.

"மாசக் கடைசியில பார்த்தா சார், வலது தோள்லயும் இடுப்புலயும் கல்யாண வீடு மாதிரி பொட்டு" என்றார் ஸ்டெல்லா மேடம். "நான் என்ன யோசிச்சும் புரியலே. ஒரு ஷிப்டு முழுக்க நானே போய் மாதம்மா சீட்ல கூத்துக்கிட்டேன்."

உட்கார்ந்துகொண்டேன் என்கிறார்.

"நானும் வலது கையாலேதான் வாங்கினேன் சார்! எனக்கே தெரியலே. மாதம்மாதான் சிரிச்சாங்க."

"பின்னே?" என்றார் மாதம்மா. "மேசை மேல கெடந்தா எந்தக் கையில வேணா எடுக்கலாமுங்க. அது நம்மளைப் பாத்து நீட்டுதில்ல? நீட்டிக் குடுக்கறவங்ககிட்ட இடது கையில வாங்கினா நல்லாவா இருக்கு? மெஷினா இருந்தாத்தான் என்ன?"

எனக்கு பஸ் ஞாபகம் வந்தது. மரியாதைக்காகக் கம்பியை விட்டவன்தானே நானும்.

அதன் பிறகு மெஷினைத் திட்டவும் இல்லை, ஆட்களுக்கு இடது கையால் வாங்கப் பாடம் நடத்தவும் இல்லை. பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்கி, ஒட்டி, பொய்யாக ஒரு மேஜை செய்திருக்கிறார்கள். ஸ்டெல்லா மேடம் ரோபோ மாதிரி நின்று நீட்ட, மாதம்மாவும் மற்றவர்களும் உட்கார்ந்து வாங்கிப் பார்த்து, "இன்னும் கீழே, இன்னும் கிட்டே" என்று சொல்லச் சொல்லப் பெட்டியை நகர்த்தியிருக்கிறார்கள். கடைசியில் ரோபோ நேர் எதிரே வந்துவிட்டது. இப்போது நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே நீட்டுகிறது. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார்கள். திருகாணி மெஷின் தலைக்கு மேலே ஸ்பிரிங்கில் தொங்குகிறது, இழுத்தால் வரும், விட்டால் போய்விடும்.

நான் போன அன்று அந்த உருவத்தின் இடுப்பில் ஒன்றிரண்டு பொட்டுத்தான் இருந்தது. பாதத்தில் கொஞ்சம். "அடுத்தது பாதம்தான்" என்றார் ஸ்டெல்லா மேடம். ஏதோ தனக்கே கால் வலிப்பது போல அந்தப் படத்தைப் பார்த்தார். தான் போட்ட வரைபடம் தப்பு என்பதை விருந்தாளியை உட்கார வைத்தே காட்டுகிற படித்தவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிறகு அவர் திரும்பி, சாதாரணமாகக் கேட்டார்: "உங்க லைன்ல யாருக்கு சார், எங்கே வலி?"

வாய் வரை வந்தது. அம்மா டிபன் டப்பாவைக் கொடுத்த கையும் ஞாபகம் வந்தது. "கேட்டுப் பாத்ததில்லீங்க" என்றேன். மற்றவர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

"அப்ப மெஷின் எங்கே நிக்கணும்னு இப்ப நான் சொன்னா அது பொய் சார்" என்றார்.

அன்று மைசூர் திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தூரத்தில் சாமுண்டி மலையில் விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ம்" என்றாள். பிறகு, "எப்படி இருக்குதுங்க, அந்தக் கை?"

"நல்ல கை. நின்னு பாத்துத்தான் நீட்டுது" என்றேன். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த நாளும் போய், காலை முதல் மாதம்மா பக்கத்தில் நின்று பார்த்தேன். கிளம்பும்போது அவர் ஒரு புதுப் பொட்டு அட்டையை என் சட்டைப் பையில் திணித்தார். "ஊட்டுக்கு இல்லீங்கண்ணா, கம்பெனிக்கு" என்றார்.

ஊருக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன்: "மெஷின் நல்ல மெஷினுங்க. ஆனா அதை எங்க நிறுத்தறதுன்னு நமக்கு இன்னும் தெரியாதுங்க."

"பேக்கிங் பக்கத்துல அத்தனை இடம் கெடக்குதே, அங்க நிறுத்து."

பொட்டு விஷயத்தைச் சொன்னேன். "பொம்மைக்குப் பொட்டு வெச்சா மெஷின் வாங்கறது?" என்று சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாரு. அப்புறம் நான் ஆர்டர் போட்டுருவேன்" என்றார்.

பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, கரியால் ஓர் உருவம் வரைந்து, வெளியே போகிற கதவோரம் மாட்டினேன். பக்கத்தில் மாதம்மா கொடுத்த பொட்டு அட்டை. எனக்கு வரைய வராது. உருவம் கொஞ்சம் பூசணிக்காய் மாதிரி வந்துவிட்டது. முதல் நாள் யாரோ மீசை வரைந்தார்கள். அடுத்த நாள், "அண்ணா, இது நம்ம மொதலாளிதானே?" என்று ஒரு குரல். எல்லோரும் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். யாரும் எதையும் ஒட்டவில்லை. அம்மா அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. அது அவள் தோள்.

மாசக் கடைசி நெருங்கிவிட்டது. ஒரு சாயந்திரம் எல்லோரும் போன பிறகு ஷட்டரை இறக்கப் போனவன் நின்றுவிட்டேன். அட்டை உருவத்தின் வலது தோளில் ஒரு பொட்டு. மாதம்மா கொடுத்த அட்டை பிரிக்காமல் அப்படியே தொங்குகிறது. இது வேறு, அரக்கு நிறத்தில், சின்னது.

வீட்டுக்கு வந்தேன். நீ அப்போதுதான் கேட்டுக்கொண்டிருந்தாய், தாரணி: "ஏம்மா, நெத்தியில பொட்டு எங்கே?"

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எங்கயோ விழுந்துருச்சு சாமி" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த இன்னொன்றை எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பியதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கதவோரம், அந்த உருவத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "அந்த மைசூர் மேடத்தை ஒரு நடை வந்து பாக்கச் சொல்லுப்பா. ஆர்டர் அப்புறம் போட்டுக்கலாம்" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். மாதம்மாவின் அட்டை பாதி காலியாகியிருந்தது. அம்மாவின் அரக்குப் பொட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதைச் சுற்றிலும் அத்தனை பொட்டு.